செவலைக்கு ஆலமரத்தில் கட்டியது

அன்றைக்கு லாயத்தில் நான் இருந்தேன். என் பெண்சாதி இருந்தாள். மேனேஜர் இருந்தார். மலைமேல் நெல்லிவாசல் நாட்டிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்த ஓர் ஆள், வேலிக்கு அந்தப் பக்கம் கத்தியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செவலை இருந்தது. அதன் வயிற்றில் முதல் குட்டி இருந்தது. வரவேண்டிய டாக்டரம்மா மட்டும் இன்னும் வரவில்லை.

குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். ஆள் அசந்த நேரம் பார்த்து ஈனும். செவலை நல்ல வெயிலில் படுத்தது. ரோட்டில் கரும்பு டிராக்டர் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. செவலை எதையும் மற்ற குதிரைபோல் செய்ததில்லை.

அதற்கு இரண்டு வயசு ஆனதிலிருந்து எனக்குத் தெரியும். அப்போது நான் சென்னையில் ரேஸ் குதிரைகளுக்கு சைஸ். சைஸ் என்றால் குதிரையைப் பார்த்துக்கொள்கிற ஆள். தேய்த்துவிடவேண்டும், கொள்ளு வைக்கவேண்டும், நடத்திக் கூட்டிப்போகவேண்டும், லத்தி அள்ளவேண்டும். செவலை லாரியிலிருந்து இறங்கினதும் என் தோளைக் கடித்தது. ஆழமான கடி இல்லை. ஆள் யார் என்று பார்க்கிற கடி.

ரேஸ் புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பேர். முதலாளிக்கே பாதிதான் வரும். நிறம் செவலை. பிடரியும் வாலும் கறுப்பு. நெற்றியில் சுண்ணாம்பு விரலால் தொட்ட மாதிரி ஒரு சுட்டி. நான் செவலை என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது. அதோடு அதுதான் பேர்.

சத்தம் அதற்கு ஆகாது. ரேஸ் தொடங்குகிற இடத்தில் இரும்புக் கூண்டுகள் வரிசையாக இருக்கும். கூண்டுக்கு ஒரு குதிரை நுழையவேண்டும். கதவு படார் என்று திறந்ததும் ஓடவேண்டும். செவலை நுழையாது. பின்னால் ஆட்கள் கை கோத்துத் தள்ளுவார்கள். கடைசியில் ட்ரெய்னர் காதில் பஞ்சு வைக்கச் சொன்னார். நான் வைத்துவிடுவேன். அப்போதும் தள்ளத்தான் வேண்டும். கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் போதும்.

முதல் ரேஸில் கடைசியாக வந்தது. ஜாக்கி மூஞ்சியெல்லாம் மண்ணோடு இறங்கினான்.

"அண்ணே, இது ஓட வரல. மத்ததெல்லாம் எங்க போதுன்னு வேடிக்கை பாக்க வந்துகீது."

முதலாளி வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்கிறவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. செவலை கடைசியாக வந்த அன்றைக்கும் லாயத்துக்கு வெல்லக்கட்டியோடு வந்தார்.

"இன்னாப்பா, எம் பொண்ணு இன்னா சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல பாய். துன்னுது."

"துன்னட்டும். துன்னாத்தான் ஓடுவா."

ஊட்டி சீசனுக்குக் கூட்டிப்போனோம். புது ஊர்த் தண்ணீரை அது குடிக்கவில்லை. வாளியில் வெல்லம் கரைத்து, என் கையை நனைத்து நக்கக் கொடுத்தேன். அப்புறம் குடித்தது. ரேஸ் அன்றைக்கு மழை. மற்ற குதிரைகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. செவலை காதை நிமிர்த்திக்கொண்டது. மழையில் கூட்டம் குறைவு, சத்தமும் குறைவு. அதனால் இருக்கலாம். கடைசித் திருப்பம்வரை பின்னால்தான் வந்தது. அப்புறம் வெளிப்பக்கமாகச் சுற்றி ஒவ்வொன்றாகத் தாண்டியது. ஜெயித்துவிட்டது.

பாய் ஓடிவந்து சேறும் வேர்வையுமாக இருந்த கழுத்தைக் கட்டிக்கொண்டார். அந்தச் சட்டையைத் தோய்க்கவே இல்லை என்று பின்னால் சொன்னார். பொய்யாக இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் சொன்னார்.

அப்புறமும் சில ரேஸ் ஜெயித்தது. பல ரேஸ் தோற்றது. பெரிய கப் எதுவும் இல்லை. ஒரு தடவை பேப்பரில் போட்டோ வந்தது. என் முழங்கையும் அதில் இருக்கிறது.

ஐந்தாம் வயசில் முன்னங்கால் நரம்பு வீங்கியது. ட்ரெய்னர் குனிந்து தடவிப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதுப்பா" என்றார்.

படவேட்டுக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் பாய்க்கு நிலம் இருந்தது. கரும்புக்கு நடுவில் ஒரு லாயம். குட்டி போடுகிற குதிரைகள் சில. என் ஊர் அங்கிருந்து சைக்கிள் தூரம். செவலையை லாரியில் ஏற்றினார்கள். கூட நானும் ஏறினேன்.

பாய் நல்ல மனுஷர். ஆனால் வியாபாரி. இரண்டு சீசன் சினை நிற்காத குதிரையை வைத்திருக்கமாட்டார். நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த வருஷமே ஒன்று வெளியே போனது. ஆரணியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் வந்து ஓட்டிப்போனார். அப்புறம் ஒரு நாள் அதை ரோட்டில் பார்த்தேன். நெற்றியில் ஜிகினா. மேலே மாப்பிள்ளை. முன்னால் பேண்டு செட், பின்னால் சரவெடி. குதிரையின் கண்ணில் வெள்ளைதான் தெரிந்தது. சைக்கிளை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

செவலைக்கு அது ஆகாது. ஒரு ஊர்வலம்கூடத் தாங்காது. அதற்குக் குட்டி நிற்கவேண்டும். எனக்கு அந்த ஒரு கவலைதான்.

பொலிகுதிரை எங்களிடம் இல்லை. வேறு ஊரில் ஒரு பெரிய பண்ணைக்கு லாரியில் கொண்டுபோய்ச் சேர்த்து வந்தோம். வீட்டில் இரண்டு மாடு வைத்திருக்கிறவள் என் பெண்சாதி. அவளுக்கு இது பெரிய வேடிக்கை.

"மாட்டுக்கு ஊசிக்காரர் பைக்குல வந்து போட்டுட்டு போய்க்கினே கீறாரு. இதுக்கு இன்னா, பொண்ணையே லாரியில ஏத்தி மாப்ள வூட்டுக்கு கூட்டினு போறீங்க?"

"ரேஸ் குதிரைக்கு ஊசி ஆகாது. நேராத்தான் சேரணும். சட்டம்."

"நல்ல சட்டம். கல்யாண சாப்பாடு போட்டாங்களா?"

"டீ குடுத்தாங்க."

"அவ்ளோதானா. பெரிய எடம்னாங்க."

கேலி செய்தாளே தவிர, சினை நின்றது என்று தெரிந்த நாளிலிருந்து அவளும் தினம் லாயத்துக்கு வந்தாள். மாட்டுக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டையைக் கொண்டுவந்தாள். மேனேஜர் அதெல்லாம் கூடாது என்றார். பிறகு தவிடு கொண்டுவந்தாள். அதுவும் கூடாது என்றார். கடைசியில் வெறுங்கையோடு வந்து அதன் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனாள். அவளைச் செவலை ஒரு நாளும் கடிக்கவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையிலேயே மடிக்காம்பில் மெழுகுபோல் கட்டியிருந்தது. ஒரு நாளுக்குள் ஈனும் என்று அதற்கு அர்த்தம். மேனேஜர் டாக்டரம்மாவுக்கு போன் போட்டார். வேலூரிலிருந்து வரவேண்டும். ஈன்றபின் நஞ்சுக்கொடி விழும், அதைப் பத்திரமாக வாளியில் மூடி வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மேனேஜர் புது வாளி ஒன்றைக் கழுவி லாய வாசலில் வைத்தார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. குட்டியின் முன்னங்கால் தெரிந்ததுமே டாக்டரம்மாவுக்கு வழி காட்ட மெயின் ரோட்டுக்கு ஓடிவிட்டார்.

குட்டி சிரமம் இல்லாமல் வந்தது. பெண்குட்டி. தாய்க்கு இருந்த அதே சுட்டி. நான் வைக்கோலால் துடைத்தேன். எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. வேலிக்கு வெளியே நின்ற ஆள் ஒவ்வொரு தடவையும் "ஹப்பா" என்றார். கடைசியில் வேலியைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

நின்றதே தவிர குட்டி பால் குடிக்கவில்லை. வாய் வைக்கப் போனால் செவலை நகர்ந்துகொண்டது. ஓட்டத்துக்கு வளர்ந்த உடம்பு. மடியும் சின்னது. என் பெண்சாதி அந்த மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடி விழுந்தது. நான் செவலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கோணிச்சாக்கில் வைக்கோல் போட்டு, அதை வாரி வைத்து, நீல நைலான் கயிற்றால் கட்டினாள்.

பசு ஈன்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வோம். நஞ்சுக்கொடியை மூட்டையாகக் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். ஆலமரத்தில் பால் ஓடுகிறது. அதுபோல மாட்டுக்கும் பால் இறங்கும் என்பார்கள். நாய் இழுக்காமலும் இருக்கும். மற்ற குதிரைகள் ராத்திரியில் ஈன்றபோது நானும் அவளும் வீட்டில் இருந்தோம். அதனால் யாரும் கட்டவில்லை. இன்றைக்கு இருந்தாள். எனக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

லாயத்துக்குப் பின்னால் பெரிய ஆலமரம். மலைக்கார ஆளிடம் மூட்டையைக் கொடுத்தாள்.

"எந்தக் கெளை அக்கா?"

"ஒசரமா கட்டுப்பா. ஒசரத்துலேர்ந்து எறங்குனாத்தான் பால் நல்லா எறங்கும்."

அவர் தேன் எடுக்க மரம் ஏறுகிறவர். உச்சிக்கே போய்விட்டார். இறங்கிவந்து கையைக் கழுவக்கூட இல்லை, அதற்குள் குட்டி மடியில் வாய் வைத்தது. செவலை நகராமல் நின்றது. சப்புகிற சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா!" என்றாள் என் பெண்சாதி.

வாசலில் இருந்த புது வாளியில் வெல்லம் கரைத்துக் கொண்டுவந்து செவலைக்கு வைத்தாள். அது குடித்தது.

டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. வழி முழுக்கக் கரும்பு வண்டி. குட்டியைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார்.

"நஞ்சுக்கொடி எங்க?"

"வாளியில கீது மேடம்" என்றார் மேனேஜர்.

எல்லோரும் வாளியைப் பார்த்தோம். செவலை அதற்குள் மூக்கை விட்டு, மிச்ச வெல்லத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

என் பெண்சாதி கையை நீட்டி ஆலமரத்தைக் காட்டினாள். டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அது ஏம்மா அங்க இருக்கு?"

"பால் சொரக்கறதுக்குங்க. சொரந்துடுச்சு. குட்டி குடிச்சிடுச்சு."

மேனேஜர் கத்த ஆரம்பித்தார். "யோவ், மாடா இது? மாடாய்யா இது?" டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். திட்டவில்லை. குதிரைக்கு ஒரு துண்டு உள்ளே நின்றாலும் ஆபத்து, அதனால் விரித்துப் பார்த்து முழுசாக இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். "ஏறுங்க, எடுத்துட்டு வாங்க" என்று மலைக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவர் மறுபடி ஏறினார். மூட்டையிலிருந்து இரண்டு காக்கா பறந்தன. சாக்கில் ஓட்டை இருந்தது.

தார்ப்பாயில் விரித்தார். எனக்கு அது கால்சட்டை மாதிரி தெரிந்தது. ஒரு கால் பெரிசு, ஒரு கால் சின்னது. இரண்டு காலும் நுனியில் மூடியிருக்கவேண்டுமாம். சின்னக் காலின் நுனி இல்லை. கிழிந்து திறந்து கிடந்தது.

"காக்கா தின்னுதா, உள்ள நிக்குதா, எனக்குத் தெரியல" என்றார் டாக்டரம்மா.

"உள்ள நின்னுச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அழுகும். ஜுரம் வரும். விஷம் குளம்புக்கு இறங்கும், நிக்கவே முடியாது. பொழைச்சாலும் கர்ப்பப்பை கெட்டுப்போச்சுன்னா அடுத்த சினை சந்தேகம்தான்."

எனக்கு ஆரணி ரோடு ஞாபகம் வந்தது. என் பெண்சாதி போய் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சருகை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மலைக்காரரும் கூடத் தேடினார். காக்காவைத் திட்டிக்கொண்டே தேடினாள். துண்டு கிடைக்கவில்லை.

டாக்டரம்மா குழாய் விட்டு உப்புத்தண்ணீரால் கர்ப்பப்பையைக் கழுவினார். ஒன்றும் வரவில்லை. ஊசிகள் போட்டார்.

"உள்ளதான் இருக்குன்னு வச்சுக்கிட்டு வைத்தியம் பண்ணணும். குளம்பு சூடாகாம பாத்துக்கணும். ஐஸ் கிடைக்குமா?"

"கலசப்பாக்கம் போய்த்தான் பாக்கணும் மேடம்" என்றார் மேனேஜர்.

"எதுக்குங்க ஐஸு?" என்றார் மலைக்காரர். "ஓடையில வுடுங்க. தை மாசத்து மலைத்தண்ணி. காலை வச்சா பல்லு கிட்டிக்கும்."

டாக்டரம்மா போய், கரும்புக்கு ஓரமாக ஓடுகிற அந்த ஓடையில் கை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார். "போதும்" என்றார்.

ஓடை கல்லில் மோதி இரைந்துகொண்டு ஓடுகிறது. அதற்குப் புதுத்தண்ணீர். செவலை கரையில் நின்றுவிட்டது. கூண்டுக்கு முன்னால் நிற்கிற அதே நிற்றல். மேனேஜர் கை கோத்துத் தள்ளலாமா என்றார். நான் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சு வாங்கி அதன் இரண்டு காதிலும் வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் முதலில் இறங்கினேன். என் பெண்சாதி குட்டியை அணைத்துப் பிடித்துக் கரை ஓரமாகவே, எனக்கு நேராக வந்து நின்றாள். செவலை குட்டியைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. இறங்கியது. யாரும் தள்ளாமல் அது உள்ளே போனது அதுதான் முதல் தடவை.

மாறி மாறி நின்றோம். கொஞ்ச நேரம் நிறுத்துவது, மேலே ஏற்றிக் குட்டிக்குப் பால் கொடுக்க விடுவது, மறுபடி இறக்குவது.

சாயங்காலம் பாய் வந்தார். ஷூவோடு ஓடையில் இறங்கி, அதன் நெற்றிச் சுட்டியில் கை வைத்தார். என் பெண்சாதி கரையிலிருந்து சொன்னாள்:

"கட்டுனது நாந்தாங்க பாய். வையறதுன்னா என்னை வைங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

பாய் ஆலமரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கம்மா எங்க வூட்டு மாட்டுக்கு இப்படித்தான் கட்டுவாங்க" என்றார். சுட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "மொதல்ல பொழைக்கட்டும். அப்புறம் பாப்போம்" என்றார்.

அந்த "பாப்போம்" எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை செவலைக்கு லேசாக ஜுரம். டாக்டரம்மா போகாமல் மேனேஜர் வீட்டிலேயே தங்கியிருந்தார். மறுபடி கழுவினார். இந்தத் தடவை தண்ணீரோடு ஏதோ வந்து விழுந்தது. உள்ளங்கை நீளம் இருக்கும். டாக்டரம்மா அதை எடுத்துப்போய், தார்ப்பாயில் கிடந்த சின்னக் காலின் நுனியில் வைத்தார். டெய்லர் ஒட்டுத்துணி வைக்கிற மாதிரி திருப்பித் திருப்பி வைத்தார். பொருந்தியது.

"கிடைச்சிடுச்சு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காக்கா சாக்கைத்தான் கிழித்திருக்கிறது. அந்தத் துண்டைத் தொடவில்லை. என் பெண்சாதி அன்றைக்குச் சோறு வடித்ததும் முதல் பிடியைக் காக்காவுக்கு வைத்தாள். முந்தின நாள் அவ்வளவு திட்டியிருந்தாள்.

டாக்டரம்மா புறப்படும்போது நஞ்சுக்கொடியை வாளியோடு அவளிடம் கொடுத்தார்.

"நான் பாத்துட்டேன். இனி நீங்க கட்டிக்கோங்கம்மா."

"நெஜமாவாங்க?"

"ஒசரமாவே கட்டுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் நான் பாத்த அப்புறம்தான்."

செவலை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வருஷம் சினை நிற்கவில்லை. அடுத்த சீசன்தான் கடைசி. ஆரணிக்காரர் அந்தப் பக்கம் வந்தவர்போல ஒரு நாள் வந்தார். வேலிக்கு வெளியே நின்று செவலையின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தார். நல்ல நிறம் என்றார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மறுபடி லாரி. மறுபடி பெரிய பண்ணை. திரும்பி வந்தபின் டாக்டரம்மா ஸ்கேன் பார்க்கிற ஒரு சின்ன டி.வி. பெட்டியோடு வந்தார். செவலைக்குள் கையை விட்டு, பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் செவலையின் தலைப்பக்கம் நின்றேன். பெட்டியைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் மூஞ்சியைத்தான் பார்த்தேன்.

"இதோ" என்றார். "இருக்கு."

மேனேஜர் அங்கேயே ஆரணிக்கு போன் போட்டார். "அண்ணே, உங்க கல்யாணத்துக்கு வேற பொண்ணு பாருங்க. இது முழுவாம கீது."

அதற்குப் பிறகு அது குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. ஆண்குட்டியும் பெண்குட்டியும். வளர்ந்ததும் விற்றுவிடுவார்கள். பெங்களூர் போனது, ஹைதராபாத் போனது, புனே போனது. முதலில் வந்த அந்தச் சுட்டிக் குட்டி பெங்களூரில் ஓடி ஜெயித்ததை மேனேஜர் செல்போனில் காட்டினார். என் பெண்சாதி போனைப் பார்த்துக் கத்தின கத்தலில் செவலை காதை மடக்கிக்கொண்டது. ஒரு குட்டி மட்டும் உயிரோடு வரவில்லை. அன்றைக்கும் டாக்டரம்மா விரித்துப் பார்த்து வாளியைக் கொடுத்தார். பால் யாருக்கு என்று என் பெண்சாதியைக் கேட்டேன்.

"அதுவும் அவ புள்ளதானே" என்றாள். கட்டினாள்.

மரம் ஏறுவதற்கு அதே மலைக்காரர்தான். கரும்புக்கு வராத வருஷமும், சொல்லி அனுப்பினால் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவார். குட்டியைப் பார்த்து "ஹப்பா" என்பார். ஏறி இறங்கி, டீ குடித்துவிட்டுப் போவார்.

போன வருஷம் டாக்டரம்மா, இனி சினைக்கு விடவேண்டாம், வயசாகிவிட்டது என்றார். பாயும் இருந்தார். அவருக்கும் இப்போது கைத்தடி. இனி இதை என்ன செய்வீர்கள் என்று என் பெண்சாதி கேட்கப் போனாள். அதற்கு முன் அவரே சொல்லிவிட்டார்.

"எம் பொண்ணு எங்க போவா? இங்கயே இருக்கட்டும்பா."

இப்போது மத்தியானத்தில் செவலை அந்த ஆலமரத்து நிழலில் நிற்கிறது. பல் தேய்ந்துவிட்டது. கொள்ளை வேகவைத்து மசித்துக் கொடுக்கிறோம். தண்ணீரில் வெல்லம் இல்லையென்றால் இன்னும் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். கண்ணை மூடி நிற்கும்போது கீழ் உதடு தொங்குகிறது. என் பெண்சாதி அதைத் தட்டிவிட்டுச் சிரிப்பாள்.

மூட்டைகள் மக்கி விழுந்துவிட்டன. நைலான் கயிறு மக்காது. நேற்றைக்குச் செவலையின் பக்கத்தில் நின்று, அண்ணாந்து கயிறுகளை எண்ணிப் பார்த்தேன்.

எட்டு.